2,000 ரூபாய்க்கு கார்! 1952-லேயே செய்துகாட்டிய ஜி.டி. நாயுடு... சாலைக்கு வராமல் போனது ஏன்?

கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம். 2025 அக்டோபர் 9-ம் தேதி திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் வைக்கப்பட்டது. இன்னொரு பக்கம், மாதவன் நடிப்பில் அவரது வாழ்க்கை சினிமாவாகிறது என்ற அறிவிப்பும் வர, யார் இவர் என்று இளம் தலைமுறையும் தேட ஆரம்பித்தது.

எலெக்ட்ரிக் ரேசர், மெல்லிய பிளேடு, மோட்டார், ரேடியோ என்று அவர் செய்த பொருட்களின் பட்டியல் பலருக்கும் தெரியும். ஆனால் கார் விஷயத்தில் அவர் போட்ட கணக்கு பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. நடுத்தரக் குடும்பம் வாங்குகிற விலையில் கார் வர வேண்டும், அதற்கு வண்டியின் வடிவமே மாற வேண்டும் என்பது அவர் எண்ணம். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலைக்குத் தயாரித்தும் காட்டினார். அப்புறம் என்ன ஆனது? விரிவாகப் பார்க்கலாம்.

பள்ளி பிடிக்காத பையன்

1893 மார்ச் 23-ம் தேதி, கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. வயல் வேலை பார்த்துக்கொண்டே, கையில் கிடைத்ததைப் படித்துக்கொண்டு திரிந்தார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு மோட்டார் சைக்கிள். வருவாய்த் துறையைச் சேர்ந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் கம்பெனி வண்டியில் கிராமத்துப் பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, தானாக ஓடுகிற வண்டி. பார்த்த நிமிடமே அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது.

வாங்கக் காசு? கோவைக்குக் கிளம்பிப்போய் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். கிட்டத்தட்ட மூன்று வருடம் சம்பளத்தை மிச்சம் பிடித்து, கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கியே விட்டார். வாங்கியவர் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. பாகம் பாகமாகக் கழற்றினார், மறுபடி மாட்டினார். இன்ஜினியரிங் படிப்பு அவருக்குத் தொடங்கிய இடம் அதுதான்.

இந்தக் கதையில் எல்லோரும் கவனிப்பது அவரது ஆர்வத்தை. கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. வண்டி மீது ஆசைப்பட்ட ஒரு சாதாரண ஆள், அதை வாங்க மூன்று வருடம் தட்டு எடுக்க வேண்டியிருந்தது. ஆசைக்கும் விலைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தானே நடந்து பார்த்திருந்தார்.

ஒரே ஒரு பஸ்... அதில் கற்ற பாடம்

நடுவில் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். சம்பாதித்தார், பம்பாய் வரை போனார், சம்பாதித்ததை விட்டுவிட்டுத் திரும்பினார். அதன் பிறகுதான் அவரது நிஜமான ஆட்டம் ஆரம்பம்.

கோவையில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயரின் உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். டிரைவரும் அவரே. அந்த ஒற்றை பஸ்தான் பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்து, கோவை வட்டாரத்தின் சாலைகளை ஆண்டது.

பஸ் முதலாளிக்கு வண்டியின் அழகைவிட அதன் செலவுக் கணக்குதான் முக்கியம். ஒரு மைலுக்கு எவ்வளவு பெட்ரோல், டயர் எத்தனை நாள் தாங்கும், ஒரு பாகம் உடைந்தால் கோவையிலேயே செய்துகொள்ள முடியுமா, சீமையில் இருந்து வர வேண்டுமா... தினமும் இதே கேள்விகள். சீமையில் இருந்து வர வேண்டும் என்றால் வண்டி நாள்கணக்கில் நிற்கும். நிற்கிற வண்டி சம்பாதிக்காது. அதனால் யு.எம்.எஸ். பணிமனையிலேயே பழுது பார்ப்பது, பாகம் செய்வது என்று எல்லாவற்றையும் கொண்டுவந்தார்.

வண்டியின் விலை என்பது ஷோரூமில் கொடுக்கும் தொகை மட்டும் கிடையாது, அதை வருடக்கணக்கில் ஓட்டுகிற செலவும் சேர்ந்ததுதான் என்பது இன்று கார் வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாயுடு அதை நூறு வருடத்துக்கு முன்பே கல்லாப்பெட்டியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்.

70 ரூபாய் ரேடியோ: நாயுடுவின் விலைக் கணக்கு

1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் மின்சார மோட்டாரைத் தயாரித்தார். இந்தியாவிலேயே தயாரான முதல் மோட்டார் என்று அது சொல்லப்படுகிறது. இறக்குமதி மோட்டாரை நம்பியிருந்த விவசாயிகளுக்கும் ஆலைகளுக்கும் அது பெரிய விஷயம். கோவை இன்று பம்ப்செட், மோட்டார் நகரமாக இருப்பதற்குப் போட்ட விதைகளில் அதுவும் ஒன்று.

1941-ல் அடுத்த அறிவிப்பு. ஐந்து வால்வு ரேடியோவை வெறும் 70 ரூபாய்க்குத் தன்னால் தயாரிக்க முடியும் என்றார். ரேடியோ பணக்கார வீட்டு வரவேற்பறையில் மட்டும் இருந்த காலம் அது. பேட்டரியில் ஓடும் ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீண்டது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு முறை தெரியும். பெரும்பாலும் ஏற்கெனவே உலகத்தில் இருக்கிற பொருளைத்தான் எடுத்துக்கொள்வார். அதில் சாதாரண ஆளுக்கு எது தேவை, எது வெறும் அலங்காரம் என்று பிரிப்பார். தேவையில்லாததை எடுத்துவிட்டு, இங்கேயே கிடைக்கிற ஆட்களையும் பொருளையும் வைத்து முடிந்தவரை மலிவாகச் செய்வார். கரன்ட் இல்லாத வீட்டுக்கு மண்ணெண்ணெய் ஃபேன் யோசித்த அதே மூளைதான் காரையும் யோசித்தது.

ஐரோப்பாவில் அப்போது என்ன நடந்தது?

சாமானியனுக்குக் கார் என்ற யோசனை நாயுடு மட்டும் கண்ட கனவு கிடையாது. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-ல் மாடல் டி காரை 850 டாலருக்கு விற்க ஆரம்பித்தார். 1913-ல் நகரும் வரிசையில் வைத்து வண்டி பூட்டும் முறை வந்தது. 1920-களில் அதே கார் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927-ல் தயாரிப்பு முடிந்தபோது ஒன்றரை கோடிக்கும் மேலான கார்கள் விற்றிருந்தன.

ஜெர்மனியில் கதை வேறு மாதிரி. ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த மக்கள் கார், அதாவது பிற்காலத்து ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 990 ரைஷ்மார்க் விலைக்குக் கிடைக்கும் என்று ஹிட்லர் அரசு சொன்னது. வாரம் 5 மார்க்குக்கு ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்டச் சொன்னார்கள். 3 லட்சம் பேருக்கு மேல் பணம் கட்டினார்கள். போர் வந்தது, தொழிற்சாலை ராணுவ வண்டிக்குத் திரும்பியது, பணம் கட்டியவர்களில் ஒருவருக்குக்கூட போர் முடியும் வரை கார் கிடைக்கவில்லை.

நாயுடு 1930-களில் ஐரோப்பா முழுக்கச் சுற்றியவர். கேமராவும் கையுமாக அலைந்து, 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். ஜெர்மனிக்கும் போனார், ஹிட்லரையும் படம் எடுத்தார். போர்ஷேவின் சோதனைக் கார்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்த அதே காலகட்டம் அது.

போர் முடிந்த பிறகு ஐரோப்பாவில் சின்னக் கார்களுக்கு மவுசு வந்தது. பிரான்ஸில் 1948-ல் சிட்ரோயன் 2சிவி அறிமுகமானது. இத்தாலியில் 1953-ல் முட்டை வடிவ இசெட்டா வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும், சின்ன இன்ஜின் இருந்தால் போதும் என்பதுதான் இசெட்டாவின் கணக்கு. கோவையில் நாயுடு தன் இரண்டு பேர் காரை வெளியே கொண்டுவந்தது அதற்கு ஒரு வருடம் முன்பு.

1952: இரண்டு பேர், 2,000 ரூபாய்

நாயுடு பார்த்த பிரச்னை எளிமையானது. அன்றைக்கு இந்தியச் சாலையில் ஓடிய கார்கள் எல்லாம் அமெரிக்க, பிரிட்டிஷ் குடும்பங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பெரிய உடல், பெரிய இன்ஜின், நான்கைந்து பேருக்கு இடம். அதையே இங்கே பூட்டி விற்றால் விலை எப்படிக் குறையும்?

அதனால் அவர் வடிவத்தில் கை வைத்தார். இருக்கை இரண்டாகக் குறைந்தால் நீளம் குறையும். நீளம் குறைந்தால் இரும்பு குறையும். எடை குறைந்தால் சின்ன இன்ஜினே இழுக்கும். சின்ன இன்ஜின் என்றால் பெட்ரோலும் குறைவு. ஒன்று குறைந்தால் அடுத்ததும் குறையும் சங்கிலி இது. சின்னக் கார் செய்கிற எந்தக் கம்பெனியும் இன்றுவரை இந்தச் சங்கிலியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படிப் பிறந்ததுதான் 2,000 ரூபாய் கார். அப்போது விற்ற மற்ற கார்களின் விலை இதைப்போலப் பல மடங்கு.

ஆனால் அந்தக் கார் பெருமளவு உற்பத்திக்குப் போகவே இல்லை. தேவையான உரிமத்தை மத்திய அரசு தரவில்லை. உரிமம் இல்லாமல் தொழிற்சாலை ஓட்ட முடியாது. அத்தோடு கதை நின்றது.

உரிமம் ஏன் இவ்வளவு முக்கியம்?

இதைப் புரிந்துகொள்ள அந்த வருடத்தைப் பார்க்க வேண்டும். தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் 1951-ல் நிறைவேறி, 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எந்த முக்கியமான பொருளை யார் தயாரிக்கலாம், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதற்கு டெல்லியின் அனுமதி தேவை என்று அந்தச் சட்டம் சொன்னது. கார் அந்தப் பட்டியலில் இருந்தது. நாயுடுவின் காரும் அந்தச் சட்டமும் ஒரே வருடத்தில் சாலைக்கு வந்தன என்று சொல்லலாம்.

அரசின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. நாடு அப்போதுதான் சுதந்திரம் அடைந்திருந்தது. அந்நியச் செலாவணி கொஞ்சம்தான். இரும்பு, இயந்திரம், பாகங்கள் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. சோறு, பாசனம், மின்சாரம், ரயில் முதலில், கார் பிறகு என்று திட்டமிட்டவர்கள் நினைத்தார்கள். கார் செய்கிறவர்களும் கொஞ்சம் பேராக இருந்தால்தான் ஒவ்வொருவரும் போதுமான எண்ணிக்கையில் தயாரிக்க முடியும் என்பது அவர்கள் வாதம். இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாமல் வெறுமனே பாகங்களைப் பூட்டி விற்ற கம்பெனிகளை வெளியேறச் சொன்னார்கள். 1950-களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டியது அப்படித்தான்.

அந்தக் கொள்கையால் இந்திய உதிரிபாகத் தொழில் வளர்ந்தது என்பது உண்மை. ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. போட்டி இல்லை. கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. மூன்றே மூன்று பேர். மலிவான கார் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மூன்று பேருக்கும் இல்லை.

நங்கநல்லூருக்குப் பக்கத்திலேயே இருந்த கார் தொழிற்சாலை

இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் புரிந்துகொள்ள நங்கநல்லூர் ஒரு நல்ல இடம். மேற்கே ஜி.எஸ்.டி. சாலை, மீனம்பாக்கம் விமான நிலையம். நடுவில் பழவந்தாங்கல் ரயில் நிலையம். கூட்டுறவுச் சங்க மனைகளில் அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் கடன் வாங்கி வீடு கட்டிக் குடியேறிய பகுதி. இந்துக் காலனி, ராம் நகர், தில்லை கங்கா நகர் என்று நடுத்தரக் குடும்பங்களின் நகர்.

அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் பெருங்களத்தூர். அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் கார் தயாரித்தது. 1948-ல் தொடங்கப்பட்ட நிறுவனம். வேன்கார்டில் ஆரம்பித்து, 1961-ல் ஹெரால்டு, பின்னர் கேஸல் என்று மெட்ராஸின் சொந்தக் கார்கள் இந்தச் சாலையில்தான் ஓடின. 1980-களின் முடிவில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது.

ஆனால் கார் தொழிற்சாலை பக்கத்திலேயே இருந்ததால் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கார் கிடைத்துவிட்டதா? இல்லை. மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு அன்றைக்குக் கார் என்பது டாக்டர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் பார்க்கிற பொருள். அவருக்குக் கிடைத்தது பழவந்தாங்கல் ஸ்டேஷனில் மின்சார ரயில், கொஞ்சம் வசதி வந்தால் ஒரு ஸ்கூட்டர். 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட்டும் பம்பாயில் லாம்பிரெட்டா ஸ்கூட்டரும் வந்தன. அப்பா ஓட்ட, முன்னால் பையன் நிற்க, பின்னால் அம்மா மடியில் கைக்குழந்தை என்று நான்கு பேர் போகும் காட்சி இந்தியா முழுக்கப் பழகிப்போனது.

நாயுடு மனதில் இருந்த வாடிக்கையாளர் இந்த ஆள்தான். பெரிய கார் வாங்க வழியில்லை, ஆனால் மழையில் நனையாமல் போக நான்கு சக்கரமும் ஒரு கூரையும் வேண்டும் என்று நினைக்கிற ஆள். அந்தக் காருக்கு அனுமதி கிடைத்திருந்தால் இந்தத் தெருக்களில்தான் முதலில் நின்றிருக்கும்.

2,000 ரூபாய் கணக்கு நிஜமாகவே ஓடியிருக்குமா?

நாயுடுவை வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போனால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஒரு காரைச் செய்துகாட்டுவது வேறு, ஒரே மாதிரி 50,000 கார் செய்வது வேறு.

ஓர் உதாரணக் கணக்கு. கார் உடலை அச்சடிக்கும் அச்சுகளுக்கும் இயந்திரங்களுக்கும் 10 லட்சம் ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 500 கார் மட்டும் விற்றால், ஒரு கார் தலையில் 2,000 ரூபாய் விழும். அதாவது நாயுடு சொன்ன முழு விலையும் அச்சுக்கே போய்விடும். அதே அச்சில் 50,000 கார் செய்தால், ஒரு காருக்கு வெறும் 20 ரூபாய். மலிவுக் காரின் ரகசியம் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஃபோர்டுக்கு விலை இறங்கியது எண்ணிக்கை ஏறியதால்தான்.

1952 இந்தியாவில் அந்த எண்ணிக்கைக்குச் சந்தை இருந்ததா? டயர், கார்புரேட்டர், பேட்டரி எல்லாம் அவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்குமா? இரண்டே சீட் காரை ஐந்து பேர் குடும்பம் வாங்கியிருக்குமா? இவை எல்லாமே நியாயமான சந்தேகங்கள். விலை 2,000-ல் நிற்காமல் 3,000 அல்லது 4,000-க்கு ஏறியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஆனால் ஒன்று. அப்படி ஏறியிருந்தாலும் அன்றைய சந்தையில் அதுதான் மலிவான காராக இருந்திருக்கும். கணக்கு சரியா தப்பா என்பதை வாங்குகிறவர்கள் தீர்மானித்திருப்பார்கள். அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதுதான் நாயுடுவின் கோபத்துக்குக் காரணம்.

உடைத்துக் காட்டிய கோபம்

அரசின் வரிக் கொள்கையும் உரிம முறையும் தொழில் செய்கிறவனை முடக்குகின்றன என்று நாயுடு தொடர்ந்து சொல்லிவந்தார். எதிர்ப்பைக் காட்ட, தான் உருவாக்கிய கருவிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்த சம்பவம் தமிழ்நாட்டில் பெரிய பேச்சானது. பாடுபட்டுச் செய்ததை உடைக்கலாமா என்று அவர்மீது அக்கறை கொண்டவர்களே வருத்தப்பட்டார்கள்.

அதற்காக அவர் முடங்கிவிடவில்லை. 1945-ல் அப்போதைய சென்னை கவர்னர் பெயரில் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான். அந்தக் கல்லூரிதான் பின்னர் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சுருக்கமாக ஜி.சி.டி. ஆனது. கல்லூரி இடம் மாறிய பிறகும் அவிநாசி சாலையில் அந்த ஸ்டாப்புக்கு இன்றும் ஹோப் காலேஜ் என்றுதான் பெயர்.

படிப்பிலும் அவருக்கு அதே விலைக் கணக்குதான். இன்ஜினியரிங் படிக்க நான்கு வருடம் தேவையில்லை, இரண்டு வருடம் போதும் என்பது அவர் கருத்து. ரேடியோ, ஆட்டோமொபைல் போன்ற துறைகளில் சில வாரங்களிலேயே முடிகிற பயிற்சிகளையும் நடத்தினார். வருடத்தைக் குறைக்க அரசு சம்மதிக்காததால் கல்லூரிப் பொறுப்பில் இருந்து விலகினார். காரில் இரண்டு சீட்டைக் குறைத்தவர், படிப்பில் இரண்டு வருடத்தைக் குறைக்கப் பார்த்தார்.

1974 ஜனவரி 4-ம் தேதி அவர் காலமானார். சின்னக் கார் அதுவரை இந்தியச் சாலைக்கு வந்திருக்கவில்லை.

அவருக்குப் பிறகு... 31 வருடக் காத்திருப்பு

நாயுடுவின் காருக்குக் கதவு மூடப்பட்ட பிறகும் மலிவுக் கார் பேச்சு ஓயவில்லை. 1950-களின் கடைசியிலும் 1960-களின் தொடக்கத்திலும் மத்திய அரசே குழுக்கள் போட்டு ஆராய்ந்தது. கோப்புகள் நகர்ந்தன, கார் நகரவில்லை. 1969-ல் கார் விலையையே அரசு கட்டுப்படுத்த ஆரம்பித்தது. விலை கட்டுக்குள் வந்தது, ஆனால் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் வரிசை குறையவில்லை.

1970-ல் சின்னக் கார் தயாரிக்க சஞ்சய் காந்திக்கு அனுமதிக் கடிதம் கிடைத்தது. அந்த மாருதி நிறுவனம் மக்களுக்குக் கார் கொடுக்காமலேயே மூடப்பட்டது. பிறகு 1981-ல் அரசு நிறுவனமாக மாருதி உத்யோக் தொடங்கி, ஜப்பானின் சுசூகியோடு கைகோத்து, 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. விலை சுமார் 47,500 ரூபாய். நாயுடுவின் காருக்கும் அதற்கும் நடுவில் 31 வருடம்.

1998-ல் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. நங்கநல்லூர் மாதிரி பகுதிகளில் ஸ்கூட்டரில் இருந்து காருக்கு மாறிய குடும்பங்களின் முதல் கார் பெரும்பாலும் மாருதி 800 அல்லது சான்ட்ரோதான்.

2008 ஜனவரியில் ரத்தன் டாடா 1 லட்சம் ரூபாய் நானோவை அறிமுகம் செய்தார். ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போகிற குடும்பத்துக்கான கார் என்ற அதே எண்ணம். ஆனால் நாயுடுவுக்கு நடக்காத சோதனை நானோவுக்கு நடந்தது, வாடிக்கையாளர் தீர்ப்புச் சொன்னார். மலிவான கார் என்ற பட்டமே அதற்குப் பாரமானது. கார் வாங்குகிறவர் சக்கரத்தோடு சேர்த்து மதிப்பையும் வாங்குகிறார். சில நானோக்கள் தீப்பிடித்த செய்திகளும் சேர, விற்பனை சரிந்து, 2018-ல் தயாரிப்பு ஏறக்குறைய நின்றது. விலையைக் குறைப்பது பாதி வேலை, வாங்குகிறவருக்குக் கூச்சம் வராமல் குறைப்பது மீதி வேலை என்று நானோ காட்டியது. நாயுடுவின் கார் வந்திருந்தால் அதுவும் இந்தப் பரீட்சையை எழுதியிருக்க வேண்டும்.

இன்றைக்கு ஒரு காரின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள்?

உரிமக் காலம் 1990-களில் முடிந்தது. ஆனால் காரின் விலையிலும் வடிவத்திலும் அரசின் கை இன்னும் இருக்கிறது.

2006 பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்தில் இருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. சின்னக் கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும், இன்ஜின் அளவுக்கும் வரம்பு உண்டு. உடனே கம்பெனிகள் டேப் எடுத்து அளக்க ஆரம்பித்தன. டாடா இண்டிகோ சி.எஸ்., பின்னர் ஸ்விஃப்ட் டிசையர் என்று டிக்கியை வெட்டிச் சுருக்கிய செடான் கார்கள் வந்தன. பின்பக்கம் ஏன் இப்படிக் குட்டையாக இருக்கிறது என்று கேட்டால் பதில் டிசைனரிடம் இல்லை, வரி அட்டவணையில் இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யிலும் இதே கோடுதான். 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசி வரை, டீசல் என்றால் 1,500 சிசி வரை உள்ள கார்களுக்கு 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். அதற்கு மேல் சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம். மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் ஏர்பேக் போன்ற பாதுகாப்பு விதிகளும் செலவைக் கூட்டுகின்றன. ஆனால் அவை உயிர் சம்பந்தப்பட்டவை, 1952-ல் எழாத கேள்விகள். அந்தக் கால 2,000 ரூபாய் காரை இன்றைய விதிகளில் ஓட்டவே முடியாது.

ஆக, காரின் விலை மூன்று இடத்தில் உருவாகிறது. எது தேவை, எது வேண்டாம் என்று முடிவு செய்யும் வடிவமைப்பாளரின் மேஜையில் ஒரு பங்கு. எத்தனை கார் விற்கும் என்ற எண்ணிக்கையில் ஒரு பங்கு. அரசின் அனுமதியிலும் வரியிலும் ஒரு பங்கு. நாயுடுவின் கையில் இருந்தது முதல் பங்கு மட்டும்தான். அதில் அவர் ஐரோப்பாவுக்கு ஈடாக யோசித்தார். மற்ற இரண்டும் அவர் கைக்கு வரவே இல்லை.

கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகமும், 2015-ல் திறக்கப்பட்ட ஜீடீ கார் அருங்காட்சியகமும் இருக்கின்றன. பல நாட்டுப் பழைய கார்களைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அடுத்த முறை கோவை போகிறவர்கள் குழந்தைகளையும் கூட்டிப்போகலாம். ஒவ்வொரு காருக்கும் முன்னால் நின்று, இது யாருக்காகச் செய்தது, அவர்களால் வாங்க முடிந்ததா என்று கேட்டுப் பார்க்கலாம். நாயுடு தன் காலத்துக் கார்களைப் பார்த்துக் கேட்டதும் அந்தக் கேள்விதான்.